பெரிய குரூப்பில் ஏன் பேச்சில்லை

மருதானை டெக்னிக்கல் சந்திக்குப் பக்கத்தில் ஓர் இறக்குமதிக் கொம்பனியில் ஆறு வருஷம் கணக்கெழுதினேன். அங்கே எங்களுக்கு இரண்டு வட்ஸ்அப் குரூப்புகள். ஒன்று கொம்பனியின் பெயரில். முதலாளி, ஜெனரல் மனேஜர், எச்.ஆர். மிஸ் தொடங்கி லொறி ஓட்டுபவர் வரை 61 பேர். மற்றதில் 14 பேர்தான். அதன் பெயர் ‘பிளேன்ரீ’. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூன்று பகுதியாரும் ஒரே மாதிரிச் சொல்லும் சொல் அதுதான் என்று வைத்தோம்.

2023இல் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறரைக்குப் பெரிய குரூப்பில் ஓர் அறிவித்தல் விழுந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. அடுத்த மாதத்திலிருந்து ஓ.டி. செய்வதானால் முதல் நாளே அனுமதி எடுக்கவேண்டும், எடுக்காத மணித்தியாலத்துக்குக் காசில்லை. கொள்கலன் துறைமுகத்தை விட்டு எத்தனை மணிக்கு வெளியே வரும் என்று முதல் நாளே சொல்ல யாராலும் முடியாது. அது மனேஜருக்கும் தெரியும். அரை மணித்தியாலத்துக்குள் 47 கட்டைவிரல்கள் விழுந்தன. ஒருவர் கைகூப்பிய படமும் போட்டார். கேள்வி ஒன்றும் இல்லை.

அதே இரவு பத்து மணிக்குள் ‘பிளேன்ரீ’யில் நூற்றுக்கு மேல் மெசேஜ். ஸ்டோர் பார்க்கும் நானா மூன்று நிமிஷம் குரல் பதிவு அனுப்பினார். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் வந்தது, வாரத்துக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு என்று வக்கீல் மாதிரி விளக்கினார். கட்டைவிரல் போட்ட 47 பேரில் நானாவும் ஒருவர், நானும் ஒருவன்.

சில மாதம் கழித்து எச்.ஆர். மிஸ் ஒரு கூட்டம் வைத்தார். கொம்பனி காசு கட்டி ஒரு சமூகத்தளம் எடுத்திருக்கிறது, முகநூல் மாதிரித்தான் இருக்கும், ஆனால் ஒருவரும் எழுதுகிறார்களில்லை, பங்கேற்பு மிகக் குறைவு என்றார். உண்மையிலேயே கவலைப்பட்டுத்தான் சொன்னார்.

அந்தக் கவலை அவருக்கு மட்டும் உரியதில்லை. இருபது வருஷமாக முகாமைத்துவ ஆய்வாளர்கள் இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டு வருகிறார்கள். அன்ட்ரூ மக்அஃபீ 2006இல் இந்தவகைக் கருவிகளுக்கு ‘என்டர்பிரைஸ் 2.0’ என்று பெயர் வைத்தபோது, கந்தோருக்குள் யாரும் எழுதலாம், எழுதியதை எல்லாரும் தேடிப் பார்க்கலாம், மேலிருந்து உத்தரவு போகும் பாதையிலேயே கீழிருந்து அறிவு ஏறிவரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. 2008இல் யாமர் வந்தது. நாலு வருஷத்தில் மைக்ரோசொஃப்ட் அதை 120 கோடி டொலருக்கு வாங்கியது. இன்றைக்கு அதன் பெயர் வைவா என்கேஜ். முகநூல் நிறுவனம் 2016இல் ‘வேர்க்பிளேஸ்’ என்று ஒன்றைத் தொடங்கியது. 2021இல் 70 லட்சம் பேருக்குக் கட்டணம் வாங்குவதாகச் சொன்ன அதே நிறுவனம், 2024 மே மாதம் கடையை மூடப்போவதாக அறிவித்தது. உலகத்தையே பேசவைத்த கொம்பனியாலும் கந்தோர் ஆட்களைப் பேசவைக்கும் வியாபாரத்தை நெடுங்காலம் நடத்த முடியவில்லை.

ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது ஐ.பி.எம். கதை. அந்த நிறுவனம் தன் ஆட்களுக்கென்று ‘பீஹைவ்’ என்ற உள்தளம் ஒன்றை நடத்தியது. ஜோன் டிமிக்கோவும் கூட்டாளிகளும் 2008இல் அதை ஆராய்ந்து, மனிதர் ஏன் அங்கே எழுதுகிறார்கள் என்பதற்கு மூன்று காரணம் சொன்னார்கள். கூட வேலை செய்கிறவர்மேல் அக்கறை. தான் மேலே ஏறவேண்டும் என்ற ஆசை. தன் யோசனைக்கு ஆள் சேர்க்கும் முயற்சி. மூன்றும் மருதானைக்கும் பொருந்தும். இரண்டாவது காரணத்துக்காக எழுதுகிறவர்களை எங்கள் குரூப்பிலும் உடனே அடையாளம் காணலாம்: முதலாளியின் பிறந்தநாளுக்கு நடுச்சாமம் 12.01க்கு வாழ்த்துப் போடுகிறவர்கள் அவர்கள்தான்.

அதைவிட முக்கியமானது ஐந்து வருஷம் முந்தி, 2003 ஜூலையில், அதே ஐ.பி.எம். செய்த காரியம். நிறுவனத்தின் விழுமியங்கள் எவை என்று பேச ஊழியர் எல்லாரையும் 72 மணித்தியாலம் ஓர் உள்தளத்துக்கு அழைத்தது. தொடங்கியதும் வந்து விழுந்தவை பெரும்பாலும் கசப்பும் கிண்டலும்தான். மேலதிகாரி ஒருவர் இதை நிறுத்திவிடலாம் என்றார். தலைவர் சாமுவேல் பால்மிசானோ இணங்கவில்லை. ஓடட்டும் என்று விட்டார். கசப்பைக் கொட்டியபின்தான் உருப்படியான யோசனைகள் வந்தன. எங்கள் ஊரில் எத்தனை முதலாளிமார் முதல் இரண்டு மணித்தியாலத்தைப் பொறுத்திருப்பார்கள்?

எச்.பி. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 2009இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இந்த விஷயத்தைக் கணக்காகவே காட்டியது. எழுதியதற்கு மறுமொழி கிடைத்தவர் மீண்டும் எழுதுகிறார். தன் மேலாளரும் பக்கத்து மேசைக்காரரும் எழுதுவதைக் கண்டவர் தானும் எழுதுகிறார். இது தெரிய ஆய்வு தேவையா என்று கேட்கலாம். தேவைதான் போலிருக்கிறது. பரிசு, புள்ளி, பதக்கம், மாதத்தின் சிறந்த பங்கேற்பாளர் என்று எங்கள் கொம்பனி எல்லாம் செய்து பார்த்தது. மறுமொழி எழுதுவதைத் தவிர.

ஜேகப் நீல்சன் 2006இல் சொன்ன கணக்கு ஒன்றையும் இந்தப் பேச்சில் அடிக்கடி இழுப்பார்கள். எந்தத் தளத்திலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார். அப்படியானால் மௌனம் மனித இயல்பு, கவலை வேண்டாம் என்று ஆகிவிடும். ஆனால் ‘பிளேன்ரீ’யில் 14 பேரும் எழுதினோமே. அதே 14 பேர்தான் பெரிய குரூப்பில் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே பங்கேற்பு குறைந்துவிட்டது என்ற முறைப்பாட்டை நான் ஏற்கமாட்டேன். அது இடம் மாறியிருக்கிறது. யார் வாசிக்கிறார் என்று பார்த்து மாறியிருக்கிறது.

ஜெஃப்ரி ட்ரீமும் போல் லியோனார்டியும் 2012இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது. இந்தத் தளங்கள் புதிதாகக் கொண்டுவந்தவை என்று அவர்கள் நாலைச் சொன்னார்கள்: எழுதுவது எல்லார் கண்ணிலும் படும், அழியாமல் கிடக்கும், போடுமுன் திருத்தலாம், யாருக்கு யாருடன் தொடர்பு என்பது தெரியும். எங்கள் நானா இதையெல்லாம் ஒரு வரியில் சொல்லிவிட்டார். “தம்பி, பெரிய குரூப்புல எழுதுறதெல்லாம் கையெழுத்து. பாத்துப் போடுங்க.”

கண்ணில் படுவதால் நன்மையே இல்லையா? உண்டு, அதுவும் சின்ன நன்மையில்லை. லியோனார்டி பின்னர் ஒரு நிதி நிறுவனத்தில் காட்டியது இதைத்தான். பிறர் பேசிக்கொள்வதைத் தற்செயலாகப் பார்த்துக்கொண்டிருந்தாலே, யாருக்கு என்ன தெரியும், யாருக்கு யாரைத் தெரியும் என்பது நாளடைவில் பிடிபட்டுவிடும். இதற்கு நல்ல உதாரணம் வேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போகவேண்டாம், டெக்னிக்கல் சந்தியிலிருந்து பஞ்சிகாவத்தைக்கு நடந்தால் போதும்.

வாகன உதிரிப்பாகக் கடைப் பொடியன்களின் குரூப்புகளைப் பார்க்கவேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்க 2025 ஆகிவிட்டது. அத்தனை வருஷமும் இலங்கை பழைய வாகனத்தில்தான் ஓடியது; உதிரிப்பாகம் தேடுவதே ஒரு தனித்தொழிலாகிப்போனது. கவுண்டரில் நிற்கும் பொடியன் கறள் பிடித்த ஒரு துண்டைக் கையில் வைத்துப் படம் எடுப்பான். பக்கத்தில் ஒரு ஸ்பானரை வைப்பான், அளவு தெரியவேண்டுமே. சேசிஸ் நம்பரைச் சிங்களமும் தமிழும் கலந்து குரலில் சொல்வான். வாடிக்கையாளர் பிளேன்ரீ குடித்து முடிக்குமுன் மூன்று ஒழுங்கை தள்ளியிருந்து பதில் வரும்: இருக்கு, விலை இவ்வளவு, ஆளை அனுப்பு. பதில் சொன்னவன் போட்டிக் கடைக்காரன். நாளைக்கு இவன் அவனுக்குச் சொல்வான். பங்கேற்பை வளர்க்கும் திட்டம் ஏதும் இல்லை, பதக்கமும் இல்லை. கேட்டால் பதில் வரும், பதிலுக்குப் பயன் உண்டு, கேட்டதற்காக எவனும் கூப்பிட்டு விசாரிக்கமாட்டான். அவ்வளவுதான்.

இனி மௌனத்தின் கதை. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், ஒரு நிறுவனம் சரியில்லை என்று கண்டவருக்குப் போவது, பேசுவது என்று இரண்டு வழி என்றார். விசுவாசம் எந்த வழி என்பதைத் தீர்மானிக்கும். எலிசபெத் மொரிசனும் பிரான்ஸஸ் மில்லிக்கனும் 2000இல் ஒருபடி மேலே போய், மௌனத்தை நிறுவனமே உற்பத்தி செய்கிறது என்றார்கள். பேசினால் பயனில்லை, பேசினால் ஆபத்து என்ற இரண்டு நம்பிக்கைகளும் கந்தோருக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும்.

மருதானையில் இந்தத் தொற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. புகையிரதத் திணைக்களத்தின் தலைமையகம் இங்கேதான். ரயில்வே தொழிலாளர் 1912இலேயே வேலைநிறுத்தம் செய்தவர்கள். ஏ.ஈ. குணசிங்க 1923இல் நடத்திய கொழும்புப் பொது வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய 20,000 பேர் இறங்கினார்கள், ரயில்வேக்காரர் முன்வரிசையில் நின்றார்கள். குமாரி ஜயவர்தனவின் தொழிலாளர் இயக்க வரலாற்று நூலில் இதையெல்லாம் விரிவாகப் படிக்கலாம். பிறகு 1980 ஜூலை வந்தது. மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த 40,000க்கும் மேற்பட்டவர்களை ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் வேலையைவிட்டு நிறுத்தியது. நானாவின் தகப்பன் அவர்களில் ஒருவர். சட்டம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருக்கும் மனிதன் ஏன் கட்டைவிரல் போட்டார் என்று எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது.

மேலிருந்து வந்து பேசுங்கள் என்று அழைத்த காலமும் இருந்தது. 1970களில் ஐக்கிய முன்னணி அரசாங்கம் கூட்டுத்தாபனங்களில் ஊழியர் சபைகளையும் அரச கந்தோர்களில் குழுக்களையும் அமைத்தது. ஆளும் கட்சிக்காரர் பேசவும் மற்றவர் கேட்கவும் என்று அவை ஆகிப்போனதாக அந்நாள் ஊழியர்கள் இன்றும் சொல்வார்கள். அழைப்பு யாரிடமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து வாய் திறப்பது இந்த ஊருக்குப் பழகிப்போன விஷயம்.

அரச ஊழியருக்கு நிலைமை இன்னும் இறுக்கம். 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றுநிருபம் அனுப்பியது: அரச உத்தியோகத்தர் சமூக ஊடகத்தில் கருத்துச் சொல்வது தாபன விதிக்கோவைப்படி ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய குற்றம். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பசியில் மயங்கி விழுகிறார்கள் என்று மாகாண அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வெளியே வாயைக் கட்டிவிட்டு, உள்ளே குரூப்பில் மனம்திறந்து பேசச் சொன்னால் எந்த எழுதுவினைஞர் பேசுவார்?

நான் வாசித்த இந்த ஆய்வுகளில் ஒன்றிலும் காணாத விஷயம் மொழி. அவை ஐ.பி.எம்., எச்.பி. போன்ற இடங்களில் நடந்தவை. எல்லாருக்கும் மேசை, கணினி, கொம்பனி மின்னஞ்சல், ஒரே ஆங்கிலம். எங்கள் பெரிய குரூப்பில் அறிவித்தல் ஆங்கிலத்தில் வரும், பகிடி சிங்களத்தில் வரும், தமிழ் பொங்கல் அன்றைக்கு மட்டும் வரும். தமிழும் 1987இல் அரசகரும மொழியாகிவிட்டது, அரசியலமைப்பில் இருக்கிறது. குரூப்புக்கு அது தெரியாது. அந்த ஓ.டி. அறிவித்தல் வந்த இரவு பொதி கட்டும் பிரிவில் வேலை செய்யும் கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருத்தி எனக்குத் தனியாக அனுப்பினாள்: “அண்ணா, என்ன போட்டிருக்கு?” திரும்பிப் போய்ப் பார்த்தேன். அவளுடைய கட்டைவிரல் அதற்கு முன்பே விழுந்திருந்தது.

‘பிளேன்ரீ’யில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை, ஏனென்றால் அங்கே அதிகம் ஓடியது குரல் பதிவு. எழுத்துப் பிழை பற்றிய வெட்கம் இல்லை, விசைப்பலகை தேடவேண்டாம், மூன்று பாஷையும் ஒரே வாக்கியத்தில் கலக்கலாம். எழுதத் தயங்கும் மனிதர் பேசத் தயங்குவதில்லை. காசு கட்டி வாங்கும் தளங்களை விற்பவர்கள் இதை இன்னும் போதிய அளவு யோசிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பங்கேற்காமல் இருப்பதே ஒரு பேச்சாகவும் ஆகலாம். அதற்கு இந்த நாட்டில் மிகப் பெரிய உதாரணம் 2021இல் ஆசிரியர்கள் காட்டியது. கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும் வகுப்புகள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போயின. போன் ஆசிரியருடையது, டேட்டா ஆசிரியருடைய காசு. இரவு பத்து மணிக்கும் பெற்றோர் கேள்வி கேட்பார்கள். அந்த ஜூலை 8ஆம் திகதி, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிராக ஆர்ப்பாட்டம் செய்த இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உள்ளிட்டோர் கைதானார்கள். நீதிமன்றம் பிணை கொடுத்தது. ஆனாலும் அவர்களைப் பிடித்துக்கொண்டுபோய் முல்லைத்தீவில் தனிமைப்படுத்தினார்கள். 12ஆம் திகதி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. 24 வருஷமாக இழுபட்ட சம்பள முரண்பாடு அதோடு சேர்ந்துகொண்டது. ஒக்டோபர் மாதம் வரை வகுப்புக் குரூப்புகள் சத்தமில்லாமல் கிடந்தன. வெல்லவத்தையில் என் அக்கா ஒரு ஆசிரியை. அவளுடைய போனில் நாற்பது பிள்ளைகளின் குரூப் மூன்று மாதம் அசையாமல் இருந்ததைப் பார்த்தேன். அவளுக்கு அது சுகமாக இருக்கவில்லை. ஆனால் தினமும் ஏழு மணித்தியாலம் தன் சொந்தப் போனில் செய்தது வேலைதான் என்று எல்லாருக்கும் விளங்கியதும் அது நின்றபோதுதான்.

இதிலிருந்து நேரம் என்ற கேள்வி வருகிறது. 1954ஆம் வருஷச் சட்டம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45, மேலதிகமாக 12க்கு மேல் கூடாது என்று வகுத்திருக்கிறது. இரவு ஒன்பதரைக்கு மனேஜர் போடும் மெசேஜுக்குப் பதில் எழுதும் பத்து நிமிஷம் எந்தக் கணக்கில் சேரும்? பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், குறைந்தது 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் இதுபற்றி ஊழியரோடு பேசவேண்டும் என்று சட்டம் உண்டு. அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்ட் முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்பை, மறுப்பது நியாயமற்றதாக இருந்தாலொழிய, எடுக்காமல் விட ஊழியருக்கு உரிமை உண்டு. நமக்கு நீல நிற ரிக் மட்டும் உண்டு. பார்த்துவிட்டாய், ஏன் பதில் இல்லை?

யார் ஒட்டுக்கேட்கிறார் என்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். ருமேனியாவில் அலுவலக யாகூ மெசஞ்சரில் தனிப்பட்ட விஷயம் பேசியதற்காக 2007இல் வேலை இழந்த ஒருவரின் வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம் 2017இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: கண்காணிக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டி, தெளிவாகச் சொல்லியிருக்கவேண்டும். நமக்குக் கிட்டிய வழக்கு 2023இல் மதுரையில் நடந்தது. தமிழ்நாடு கிராம வங்கியின் அலுவலக உதவியாளர் ஒருவர், தொழிற்சங்கக்காரர், வட்ஸ்அப் குழுவொன்றில் மேலதிகாரிகளைச் சாடி எழுதினார். வங்கி குற்றப்பத்திரம் கொடுத்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்துச் செய்தார். ஊழியருக்கு மனப்புழுக்கத்தைக் கொட்டித் தீர்க்கும் உரிமை உண்டு, நிறுவனத்தின் பெயர் கெடும் அளவுக்குப் போகும்போதுதான் நிர்வாகம் தலையிடலாம் என்பது அவர் நிலைப்பாடு. இலங்கை நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. இங்கே 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனது. 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் மட்டும் பெப்ரவரி முதலாம் திகதியே சுடச்சுட அமுலுக்கு வந்தது. எது அவசரம் என்று அரசாங்கம் நினைத்தது என்பதை இந்த வித்தியாசமே சொல்லும்.

முதலாளி பக்கத்து நியாயத்தையும் மறைக்கக்கூடாது. சின்னக் குரூப்புகள் எல்லாம் புனிதமில்லை. எங்கள் ‘பிளேன்ரீ’யிலேயே ஒரு புதுப் பொடியனின் நடையைக் கேலி செய்து படம் போட்டார்கள், நானும் சிரித்தேன், அதற்காக இன்றும் கூச்சப்படுகிறேன். வதந்தி அங்கேதான் முளைக்கும். பெண்களுக்கு இன்னொரு தொல்லை. வட்ஸ்அப் குரூப்பில் சேர்த்த நிமிஷத்திலேயே சொந்த நம்பர் அறுபது பேர் கைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு இரவு வரும் ‘ஹாய்’களுக்கு எச்.ஆர். பொறுப்பெடுக்காது. இந்த ஒரு விஷயத்தில், நம்பரை வெளியே காட்டாத கொம்பனித் தளம் வட்ஸ்அப்பைவிட எவ்வளவோ மேல். எச்.ஆர். மிஸ் அதைச் சொல்லி விற்றிருந்தால் எங்கள் பெண்கள் முதல் நாளே சேர்ந்திருப்பார்கள். அவர் பதக்கத்தைச் சொல்லி விற்றார்.

ஓ.டி. விவகாரம் எப்படி முடிந்தது என்றால், ‘பிளேன்ரீ’யில் பேசியதன் படம் ஒன்று யாரோ மூலமாக மேலே போய்ச் சேர்ந்தது. நானாவைக் கூப்பிட்டார்கள். என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்த விதி சத்தமில்லாமல் தளர்ந்தது, கொள்கலன் வரும் நாட்களுக்கு விலக்கு என்று. பெரிய குரூப்பில் அதை அறிவித்தபோது 52 கட்டைவிரல். நானா அன்று எதுவும் போடவில்லை. ஒரு மாதம் கழித்து ‘பிளேன்ரீ’யை விட்டும் போனார். வட்ஸ்அப் 2022இல் செய்த மாற்றத்தால், ஒருவர் வெளியேறினால் அட்மினுக்குத்தான் அறிவித்தல் வரும். எங்களுக்கு இரண்டு நாள் தெரியாது.

இதை வாசிக்கும் உங்கள் கந்தோரிலும் நாளைக்கோ மறுநாளோ ஒரு புதுத் தளம் திறப்பார்கள், மனம்திறந்து எழுதுங்கள் என்பார்கள். எழுதுங்கள். ஆனால் முதல் பதிவாக மூன்று கேள்வி போடுங்கள்: இதை யார் யார் வாசிக்கிறார்கள்? தமிழில் எழுதினால் தமிழில் பதில் வருமா? இரவு ஏழு மணிக்குப் பிறகு வரும் மெசேஜுக்குக் காலையில் பதில் எழுதினால் என்ன நடக்கும்? பதிலை வாய்ச்சொல்லாக வாங்காதீர்கள். அந்தத் தளத்திலேயே, எல்லாரும் பார்க்க, மனேஜரைக் கொண்டு எழுதுவியுங்கள்.